தொரோமிரோவை வெட்டியவள்

என் அக்கா மத்தரேனாதான் கடைசி தொரோமிரோ மரத்தைக் கொன்றவள் என்று இந்த ஊரில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். வெட்டியது அவள்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அன்று அந்தப் பள்ளத்தில் இல்லை. நான் இருந்தேன். கயிற்றின் மறுமுனை என் கையில் இருந்தது, உள்ளங்கையில் அதன் தழும்பு இப்போதும் இருக்கிறது. ஆகவே நான் பார்த்தபடிதான் இதைச் சொல்வேன். நடுவில் யாரும் திருத்த வேண்டாம்.

அக்கா கோரைப்பாய் பின்னுகிறவள். அகன்ற தோள், ஆண்பிள்ளைக் கை. வாரத்தில் மூன்று நாள் ரானோ காவுக்குப் போவாள். அணைந்துபோன எரிமலையின் வாய் அது. அடியில் ஏரி, ஏரியின்மேல் கோரை மெத்தை மெத்தையாக மிதக்கும். மெத்தைக்கு மெத்தை கால் வைத்துப் போய் அறுத்து, ஈரக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, செங்குத்தான சரிவில் நிற்காமல் ஏறி வருவாள். தண்ணீருக்கு மேலேயே பிழைப்பு, ஆனால் அவளுக்கு நீந்தத் தெரியாது. கடலிலும் கால் நனைக்க மாட்டாள். எங்கள் அண்ணன் அத்தாமு நான்கு பேரோடு ஒரு மீன்பிடிப் படகில், தூரத்து தஹித்தித் தீவை நோக்கிக் கிளம்பிப்போனான். மூன்று வருடம் ஆகியும் ஒரு செய்தி இல்லை. அன்றிலிருந்து அவள் கடலோரப் பாறையில் நின்று மீன் வாங்குவதோடு சரி. "உன்னை மழை நனைச்சாத்தான் உண்டு" என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்வார்கள்.

ஏன் அப்படி ஓடிப்போனார்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்போது எங்கள் தீவு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆடுகளுடையது. நாங்கள் அங்கா ரோவா என்ற இந்த ஒரே ஊரில், கல்சுவருக்கு உள்ளே. சுவரைத் தாண்ட அனுமதி வேண்டும். கோரை அறுக்கப் போகும் பெண்களை மட்டும் காவல்காரன் விட்டுவிடுவான். தீவை விட்டுப் போக யாருக்கும் அனுமதி கிடையாது. திங்கட்கிழமை ஆண்கள் எல்லாரும் நடுப்பகல் மணி அடிக்கும்வரை அதிகாரிக்குச் சும்மா வேலை செய்ய வேண்டும். அக்காவின் கணவர் பப்பியானோ ஒரு திங்கட்கிழமை போகவில்லை. கோயில் வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார வைத்து அவர் தலைமுடியை ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தான் தொப்பியைக் கழற்றியதே இல்லை. சாப்பிடும்போதும் தொப்பி, தூங்கும்போதும் தொப்பி.

அவர் மரம் செதுக்குகிறவர். வருடத்துக்கு ஒரு முறை கப்பல் வரும். வந்தால் பொம்மையைக் கொடுத்துச் சோப்பு, செருப்பு, துணி வாங்குவோம். விலா எலும்பு துருத்திக்கொண்டு, வயிறு ஒட்டி, கண் விழித்து நிற்குமே அந்த மனித உருவம், அதை விலாக்காரன் என்போம். மாலுமிகளுக்கு அதன்மேல்தான் ஆசை. அந்த உருவத்தைத் தொரோமிரோவில்தான் செய்ய வேண்டும். துணியில் சுற்றி வீட்டில் தொங்கவிடுவதற்கும், விருந்து நாளில் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்கும், வாசலில் காவல் வைக்கும் பல்லி மனிதனுக்கும், தலைவர்களின் மார்பில் கிடந்த பிறைக்கும் அந்த மரம்தான். கறுஞ்சிவப்பு. கையில் எடுத்தால் கனமே சொல்லிவிடும். வேறு மரத்தில் உருவம் வரும், சக்தி வராது.

ஆனால் மரம் எங்கே இருந்தது? ஆடு தின்றது போக, அடுப்புக்குப் போனது போக, ஒன்றே ஒன்று, ரானோ காவின் உள்சரிவில், எங்கள் தாத்தாவின் வாழைக்குழிக்கு மேலே, பாறை இடுக்கில் நின்றது. குழி எங்களுடையது என்பதால் மரத்தின்மேல் கைவைக்கும் உரிமையும் எங்களுடையது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது தாத்தா அதில் பட்டுப்போன ஒரு கிளையை ஒடித்து, பல்லி மனிதன் செதுக்கி, அவள் வீட்டு வாசலில் வைத்தார். அதோடு சரி. அதன்பிறகு யாரும் தொடவில்லை.

ஆகவே மற்ற மரத்தில் செதுக்கி, சேற்றில் புதைத்து, வாழைச்சாறு தேய்த்துக் கறுப்பாக்கி, தொரோமிரோ என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் எல்லாரும் செய்ததுதான். அத்தானின் நிறம்தான் ஊரிலேயே நல்ல நிறம்.

அந்த வருடம் கப்பல் வந்தபோது நான் பாய் விற்கப் படகுத்துறையில் நின்றேன். துணை மாலுமி ஒருவன், காதெல்லாம் சிவந்தவன், அத்தானின் விலாக்காரனை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். இடுப்புக் கத்தியால் அதன் குதிகாலில் ஒரு சுரண்டு. உள்ளே வெளேரென்று இருந்தது. சிரித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினான். உள்ளே ஊசி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. திசைகாட்டி. விரலால் விலாக்காரனைத் தொட்டான், பெட்டியைத் தொட்டான், உதட்டில் விரல் வைத்தான். நிஜ மரத்தில் செய்து கொண்டுவா, இது உனக்கு. பாஷை தெரியாத எனக்கே புரிந்தது.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சினி, நீ பாய் விக்க வந்தவ. பாயை மட்டும் பாரு."

நான் அக்காவிடம் சொல்லவில்லை. அது என் தப்பு. பதினாறு வயதில் அத்தான் பேச்சு எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை. காலையில் அக்கா கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"வெள்ளைச் சேவல் எங்கே?"

நான் தேடினேன். எங்கும் இல்லை. திருடனுக்கு வெள்ளைதான் வேண்டும் என்று என்ன இருக்கிறது, பக்கத்திலேயே கொழுத்த சிவப்புச் சேவல் நிற்கிறதே. அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் பெரிய காரியம் தொடங்கினால், வீடோ படகோ பயணமோ, முதலில் குழி அடுப்பு போட்டு வெள்ளைச் சேவலைச் சுட்டுப் பிறருக்குக் கொடுக்க வேண்டும். அடுப்பு போட்டவன் ஒரு வாய் தொடக்கூடாது. அது இல்லாமல் தொடங்கிய காரியம் நடுவில் உடையும். திருட்டுத்தனமாகக் கிளம்புகிறவன்கூட இதை விடமாட்டான்.

அந்த நேரம் பார்த்து ரெராமா வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அத்தானின் கூட்டாளி கெரெகோரியோவின் அம்மா. வாய் ஓயாதவள்.

"என்னடி, உன் புருஷனுக்குத் திடீர்னு தர்மம் பொங்குது? நேத்து பூசை முடிஞ்சதும் என் பசங்க ரெண்டு பேருக்கும் முழுச் சேவலைக் குடுத்துட்டான். எனக்குக்கூட ஒரு கால் வந்துச்சு. நல்லா வெந்திருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது."

"அவர் சாப்பிட்டாரா?"

"எப்படிச் சாப்பிடுவான்? அடுப்பு போட்டவனாச்சே. எச்சிலை முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தானாம்."

"எதுக்காம் அடுப்பு?"

"உங்க வீட்டுக்குக் கூரை மாத்தப் போறானாமே."

மூன்று பேரும் கூரையை அண்ணாந்து பார்த்தோம். போன வருடம்தான் தகரம் மாற்றியிருந்தது.

ரெராமாவுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் தகரத்தின் தரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ப் படகுத்துறையில் பார்த்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"படகு இருக்கு. கெரெகோரியோவோடது. கிழங்கு மூட்டை கட்டி வச்சிருப்பாங்க. இல்லாதது திசைகாட்டி ஒண்ணுதான்" என்றாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள், நிழல் எங்கே விழுகிறது என்று. "மணி அடிக்கற வரைக்கும் அவங்களை விட மாட்டாங்க. கயித்தை எடு."

வெளியே வந்து ரெராமாவிடம் கோடாரி கேட்டாள்.

"எதுக்கு?"

"விறகுக்கு."

"முனை மழுங்காமக் கொண்டா. உன் கை ஆம்பளைக் கை."

சுவர் வாயிலில் காவல்காரன் கோடாரியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "கோரை அறுக்கக் கோடாரியா?"

"இந்த வருஷம் கோரை தடிச்சுப்போச்சு. நம்பிக்கை இல்லன்னா வா, வந்து ஒரு கட்டுத் தூக்கு."

அவன் வரவில்லை.

மலை ஏறும்போது தெற்கிலிருந்து மழை வந்தது, முகத்தில் ஊசிபோல் குத்தும் மழை. பள்ளத்தின் விளிம்பில் காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது. உள்ளே இறங்கியதும் காற்று சட்டென்று நின்றது. எப்போதும் அப்படித்தான். மேலே உலகம் கத்திக்கொண்டிருக்கும், உள்ளே கோரை உரசும் சத்தம்தான்.

தொரோமிரோ பெரிய மரம் இல்லை. இரண்டு ஆள் உயரம். அடிமரம் என் தொடையளவு. ஒரு பக்கப் பட்டையை யாரோ எப்போதோ உரித்திருந்தார்கள். இலை பொடிப்பொடியாக, பூ உதிர்ந்து, மணி கோத்தது போல் காய்கள் தொங்கின. அக்கா தலைத்துணியை அவிழ்த்துக் கீழே விரித்துக் கிளையை உலுக்கினாள். விழுந்த காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் மரத்துக்குக் காவல் நிற்கப் போகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முடிச்சைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது.

"அக்கா, வேண்டாம். தாத்தாவோட மரம்."

"தாத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லிடலாம்."

"சொன்னா இந்தத் தடவை முடியோட நிக்குமா?"

"அப்போ அத்தான்கிட்டப் பேசு. அழு. கால்ல விழு."

"அம்மா அத்தாமு கால்ல விழுந்தா. அவன் குனிஞ்சு அவளைத் தூக்கி ஓரமா உக்கார வச்சிட்டுப் போனான்." கோடாரியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இன்னைக்கித் தடுத்தா நாளைக்கி வருவார். கப்பல் வியாழக்கிழமை வரைக்கும் நிக்குது. இது நிக்கற வரைக்கும் அவர் வந்துகிட்டேதான் இருப்பார். தள்ளி நில்லு."

முதல் வெட்டு விழுந்தது. பள்ளம் முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது. பட்டைக்கு உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே சிவப்பு. நான் அதற்கு முன் அதன் உள்ளைப் பார்த்ததில்லை. கோடாரி ஒவ்வொரு தடவையும் கல்லில் பட்டது போல் எகிறியது. அக்கா மூச்சு வாங்கினாள், நிறுத்தவில்லை. மழையில் பிடி வழுக்கியது, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள்.

பாதிக்கு மேல் வெட்டியிருப்பாள். மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து எங்களைத் தாண்டி ஏரியில் விழுந்தது. நிமிர்ந்தோம். அத்தான் சரிவில் நின்றார். கையில் அவருடைய கோடாரி. வேலையிலிருந்து மணிக்கு முன்பே நழுவி வந்திருக்கிறார்.

"மத்தரேனா. அதைக் கீழ வை."

"வச்சா நீங்க எடுப்பீங்க."

"எனக்கு ஒரு முழம் போதும்."

"எனக்கு முழு ஆள் வேணும்."

அவர் நான்கு அடி இறங்கினார். அக்கா கோடாரியை மாற்றிப் பிடித்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கோடாரியோடு, நடுவில் பாதி வெட்டுண்ட மரம்.

"நான் போய்ட்டு உன்னைக் கூப்பிட்டுக்குவேன்" என்றார்.

"அத்தாமுவும் அதைத்தான் சொன்னான். அம்மா இன்னமும் அடுப்புல அவன் பங்குக் கிழங்கை வைக்கறா."

"அவங்ககிட்டத் திசைகாட்டி இல்ல."

"கடல் அதைக் கேட்டுட்டுத்தான் விடுமா?"

அத்தான் தொப்பியைக் கழற்றினார். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக. முடி திட்டுத் திட்டாக, கத்தரித்த தடத்தோடு வளர்ந்திருந்தது. மழை அதில் வழிந்தது.

"இதைப் பாரு. இதோட இங்கேயே இருக்கச் சொல்றியா?"

அக்கா பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"பாத்துட்டேன். தலை இருக்கு. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு ஓங்கி வெட்டினாள். அவர் பாய்ந்து பிடித்திருக்கலாம், இரண்டே எட்டுதான். பிடிக்கவில்லை. ஏன் என்று நான் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன். அவர் உளியைத் தேடி எழுந்துவிடுவார். மூன்றாவது வெட்டில் மரம் முனகியது. நார் கிழியும் சத்தத்தோடு சாய்ந்து, சரிவில் தலைகீழாக விழுந்து, ஒரு பாறையில் மோதிப் பிளந்து நின்றது. அக்கா உட்கார்ந்தபடியே சறுக்கிப் போய் இரண்டு காலாலும் அதை உதைத்தாள். உருண்டது. ஏரிக்கரையில் கோரை மெத்தைகள் பிரிந்த இடத்தில் விழுந்து, ஒரு தடவை புரண்டு, கிளையோடு உள்ளே போனது. பச்சை மரம், கல்லின் கனம். குமிழி வந்தது, அவ்வளவுதான்.

அத்தான் தொப்பியைக் கீழே போட்டார். கோடாரியையும். என்னைத் தாண்டிச் சரிவில் ஓடினார். நான் கத்துவதற்குள் தண்ணீரில் குதித்துவிட்டார்.

அவர் நன்றாக நீந்துகிறவர். ஆனால் ரானோ காவு கடல் இல்லை. மேலே மெத்தை மிதக்கும், அடியில் வேர்கள் தலைமுடிபோல் ஒரு ஆள் ஆழத்துக்குத் தொங்கும், அதற்கும் கீழே கருந்தண்ணீர். உள்ளே போனவனுக்குத் திரும்பி வரும் ஓட்டை தெரியாது. ஆடு விழுந்தால்கூட நாங்கள் விட்டுவிடுவோம்.

காத்திருந்தோம். அவர் விழுந்த ஓட்டையைக் கோரை மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு மெத்தை அடியிலிருந்து உப்பியது. மறுபடி உப்பியது. அடியில் அவர் முட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா கயிற்றை இடுப்பில் கட்டினாள். குதிரைக்கு வீசும் தோல்கயிறு. மறுமுனையை என் கையில் திணித்தாள்.

"பாறையைச் சுத்திக்கோ. நான் இழுன்னு சொல்ல மாட்டேன், சொல்ல முடியாது. ரெண்டு தடவை துடிச்சா இழு."

"அக்கா, உனக்கு நீந்தத் தெரியாது."

"கயிறு உன் கையில இருக்கு."

மெத்தைமேல் தவழ்ந்து போனாள். உப்பிய இடத்தில் கோடாரியால் கோரையை வெட்டிக் கிழித்து, கோடாரியை விட்டெறிந்து, கால் முன்னே போக உள்ளே இறங்கினாள். இடுப்பு, மார்பு, தலை. மூன்று வருடமாகக் கால் நனைக்காதவள்.

கயிறு ஓடியது. என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது. துடிக்கிறதா, தண்ணீர் அசைக்கிறதா என்று தெரியவில்லை. நான் ஜெபம் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. "துடி, துடி" என்று கயிற்றிடம்தான் கெஞ்சினேன். ஒரு தடவை இழுபட்டது. இரண்டாவது வரவில்லை. காத்திருக்கச் சொன்னது இரண்டுக்கு. நான் ஒன்றுக்கே இழுத்தேன். சொன்னதை அப்படியே கேட்கிற பெண்ணாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதலில் அக்காவின் தலை வந்தது. பிறகு அவள் கை, அந்தக் கையில் அத்தானின் சட்டைக் கழுத்து. இரண்டு பேரையும் நான் ஒருத்தி எப்படி இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. மெத்தையில் கிடந்து பச்சைத் தண்ணீராகக் கக்கினார்கள். அத்தானின் கக்கத்தில் ஒரு துண்டு இருந்தது. பாறையில் மோதிப் பிளந்திருந்த உள்மரத்திலிருந்து ஒடித்தது, முழங்கை நீளம். அதை அவர் விடவில்லை.

மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கு நீந்தத் தெரியாதே."

"தெரியாது" என்றாள் அக்கா.

ஏறும்போது நான் அவள் காதில் சொன்னேன், "அதைப் பிடுங்கி வீசிடு."

"வீச மாட்டேன். அது அவர் எடுத்தது."

"அப்போ மரத்தை வெட்டினது எதுக்கு?"

அவள் கயிற்றைச் சுருட்டினாள்.

செவ்வாய், புதன், இரண்டு நாளும் அந்த வீட்டில் சுரண்டும் சத்தம்தான். அத்தான் வாசலில் பல்லி மனிதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கினார். அக்கா கிழங்கு வேகவைத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். தொப்பி ஏரிக்கரையிலேயே போய்விட்டது, வெறுந்தலையாகத்தான் உட்கார்ந்திருந்தார். துண்டு சிறியது, ஆகவே விலாக்காரனும் சிறியவன். ஆனால் நான் பார்த்ததிலேயே அதுதான் நிஜம். கண்ணை அவர் வைத்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை துணியில் சுற்றிக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பித்தளைப் பெட்டி இருந்தது. பாயின் நடுவில் திறந்து வைத்தார். ஊசி நடுங்கியது. அக்கா அதைப் பூரானைப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கோழிகளை அடைத்தாள்.

சனிக்கிழமை விடிகிறபோது கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்ல வேண்டியதைத் திங்கட்கிழமையே வெட்டிச் சொல்லியாச்சு. போறவங்க போங்க. நான் வந்து வழியில விழ மாட்டேன்."

ஆனால் வந்தாள். கடலோரம் வரை வந்து, பாறைமேல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான்தான் நடந்ததைப் பார்த்தேன். கெரெகோரியோவும் அவன் தம்பியும் படகில் இருந்தார்கள். அத்தான் மூட்டையை ஏற்றினார். பெட்டியைக் கெரெகோரியோவின் கையில் கொடுத்து, மூடியைத் திறந்து, விரலால் ஏதோ சுட்டிக்காட்டினார். பிறகு படகின் பின்பக்கம் வந்து தள்ளினார். முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர்.

"ஏறுடா. அலை போயிடும்" என்றான் கெரெகோரியோ.

"நீங்க போங்க."

"விளையாடாதடா. உனக்காகத்தானே இந்தக் காரியமே."

"அடுப்பு போட்டது நான். நான் தின்னக் கூடாது" என்று சொல்லி, மார்புவரை தண்ணீரில் போய் ஒரு தள்ளுத் தள்ளி விட்டார்.

அவர் கரையேறி வரும்போது ஈரக்கால் கல்லில் பட்ட சத்தம் கேட்டுத்தான் அக்கா திரும்பினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "சட்டையைக் கழட்டுங்க, காயப் போடணும்" என்றாள்.

ரெராமாவுக்கு விஷயம் தெரிந்தது பத்து மணிக்கு. தெருவில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள். "தன் ஆம்பளையை வச்சுக்கிட்டு என் ரெண்டு பிள்ளைங்களை அனுப்பிட்டா. அதுவும் என் கோடாரியால. தாத்தன் மரத்தையே வெட்டினவ, அவளுக்கு யாரு எப்படிப் போனா என்ன?" தொரோமிரோவைக் கொன்றவள் என்ற பேச்சு அன்று தொடங்கியதுதான். அக்கா தொலைந்த கோடாரிக்கு ஈடாக ஆறு பாய் பின்னி அவள் வாசலில் வைத்தாள். ரெராமா அவற்றை மழையில் கிடக்க விட்டாள்.

இரண்டு வருடம் அப்படி. அந்த இரண்டு வருடமும் அக்கா தினமும் கடலைப் பார்த்தாள், நான் அறிவேன். தன் பிள்ளைகளுக்காகப் பார்ப்பது போல் பார்த்தாள். அடுத்த கப்பலில் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த கப்பலில் கெரெகோரியோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பாதிரியார் படித்தார். முப்பத்தாறு நாள் கடலில். தஹித்தி இல்லை, வழியில் வேறு ஏதோ தீவு. ஆனால் உயிரோடு. தம்பிக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

ரெராமா அன்று மாலை ஒரு வெள்ளைச் சேவலை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தா. அன்னைக்கித் தின்ன காலுக்கு."

"முழுச் சேவல் வேண்டாம், நீங்க தின்னது ஒரு கால்தானே" என்றார் அத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் மட்டும்தான் அழுதேன், எனக்கு அது வழக்கம். ஆனால் ரெராமா கட்டிவிட்ட அந்தப் பெயரை ஊரிலிருந்து திரும்ப வாங்க அவளாலேயே முடியவில்லை.

காய்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அக்கா அவற்றை வீட்டுக்குப் பின்னால் கல்வட்டம் கட்டிக் காற்றுப் படாமல் நட்டாள். இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. ஒன்று விரல் நீளம் வந்து, ஒரு கோடையில் கருகியது. அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள் செய்தது சரியா என்று என்னிடம் கேட்க வேண்டாம். அதை அவளே ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை.

அத்தான் அவளோடு முப்பத்தோரு வருடம் வாழ்ந்து, தன் பாயில் செத்தார். கடைசிவரை தொப்பி போடவில்லை. வருடா வருடம் மழை முடிந்ததும் இருவரும் ரானோ காவுக்குப் போவார்கள், வெட்டிய அடிக்கட்டை துளிர்த்திருக்கிறதா என்று பார்க்க. தோல்கயிறு அக்காவின் தோளில் இருக்கும். அவர் குனிந்து பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பார். அவள் எட்டி நின்று, "என்ன?" என்பாள். அவர் இல்லை என்று தலையசைப்பார். பிறகு இருவரும் இறங்கி, ஆளுக்கொரு கட்டுக் கோரை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.